ஆறு மில்லிமீட்டர் வீடு

என் அண்ணி விமானத்தை நிறத்தை வைத்து அடையாளம் சொல்லமாட்டார். அவர் மெக்கானிக்காக இருக்கும் பயிற்சிப் பள்ளியில் ஆறு சிறிய விமானங்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவற்றுக்குப் புது வண்ணம் பூசுவார்கள். பூசி முடித்ததும் பைலட்டுகளுக்கே எது எது என்று குழம்பிவிடும். அண்ணி இறக்கையின் அடியில் விரலை ஓட்டி, தகடு மடிந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இது மூணாவது" என்பார். பதினோரு வருடமாக ஒருமுறையும் தப்பியதில்லை.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி கிளம்புவதாகத் திட்டம். ஆறாவது நாள் மதியமே அண்ணி வீடு திரும்பினார். அவர் கையில் கிரீஸ் இல்லை. வேலை நாளில் அவ்வளவு சுத்தமான கையோடு அவரை நான் பார்த்ததே கிடையாது.

"முத்திரையை வாங்கி வெச்சுட்டாங்க" என்றார் அண்ணனிடம். "விசாரணை முடியிற வரைக்கும் நான் வெறும் ஹெல்பர். இருபத்தாறு நாள்."

அந்த முத்திரை கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று தாளில் குத்துவது அதைத்தான். அது இல்லாவிட்டால் அண்ணி திருகாணியை இறுக்கலாம், கையெழுத்துப் போட முடியாது. விசாரணையில் தப்பு அவர்மேல் என்று முடிவானால் முத்திரை நிரந்தரமாகப் போய்விடும்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு விமானத்தின் இறக்கைக்கு அடியிலும் பென்சில் போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் புகும் காற்றை வைத்துத்தான் வேகமுள் நகரும். அன்று காலை மூன்றாவது விமானம் ஓடுபாதையில் ஓடியது, முள் பூஜ்ஜியத்தைவிட்டு அசையவில்லை. பயிற்சி பைலட் சட்டென்று பிரேக் பிடித்ததால் தரையிலேயே தப்பித்தார். குழாய்க்குள் ஒரு விரல் ஆழத்தில் களிமண் அடைத்திருந்தது. குளவியின் வேலை. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"நிறுத்தின விமானத்துக் குழாய்க்குக் கவர் போடணும். நான் போட்டேன்" என்றார் அண்ணி. "முந்தின நாள் பன்னெண்டு மணிக்கு எறங்குச்சு. ஒண்ணேமுக்காலுக்குக் கவர் போட்டு நேரத்தையும் எழுதிட்டேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டாப் போதும்னு விதி."

"அப்புறம் என்னவாம்?"

"பூச்சி மருந்தடிக்கிறவர் வந்து கொட்டகையில ஒரு குளவியைப் புடிச்சுப் பாத்தாரு. இது ஒரு ஓட்டையை அடைக்கக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஆகும்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப நான் சாயங்காலம் வரைக்கும் கவரே போடாம, போட்டதாப் பொய் எழுதிட்டேன்னு ஆகுது."

அந்த இரண்டு மணி நேர விதியை எழுதியவர் தலைமைப் பொறியாளர். பள்ளியில் அவருக்குச் சட்டப்புத்தகம் என்று பெயர். கழற்றிய எதுவானாலும், ஒற்றை வாஷரானாலும், தேதியும் விமான எண்ணும் எழுதிய சீட்டு கட்டி அவர் கையெழுத்து வாங்கவேண்டும். அன்று அண்ணி குழாயைக் கழற்றி, பின்னாலிருந்து குச்சியால் மெல்லத் தள்ளி, அடைப்பை உடையாமல் ஒரு மருந்துக் குப்பிக்குள் இறக்கியிருக்கிறார். "மண்ணுக்குமா சீட்டு?" என்று முணுமுணுத்தபடியே சட்டப்புத்தகம் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அந்தக் குப்பியைத்தான் அண்ணி சாப்பாட்டு மேசையில் வைத்தார். மண் சுவருக்குப் பின்னால் ஐந்து பச்சைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. சாகவில்லை, அசையவும் இல்லை. ஓரத்தில் ஒரு முட்டை நூலில் தொங்கியது.

"தேனீ மாதிரி கூட்டமா வாழ்றது இல்ல இது. ஒவ்வொரு அம்மாவும் தனியா வீடு கட்டி, குழந்தைக்குச் சாப்பாடு வெச்சு, கதவைச் சாத்திட்டுப் போயிடும்" என்றார் அண்ணி. "இதைக் கட்டினது யாருன்னு இந்தக் குழந்தையே வந்து சொல்லட்டும்."

"குழந்தை சாட்சி சொல்லி நீ வேலையைக் காப்பாத்தப்போறியா?" என்று அண்ணன் சிரித்தான்.

"நீங்க சாட்சி சொன்னா மட்டும் யாரு நம்பப்போறாங்க?"

குப்பியின் வாயில் பஞ்சு வைத்துச் சமையலறை ஜன்னலில் நிறுத்தினார். பிறகு ஒரு மரக்கட்டையில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, பள்ளியின் வேலிக் கம்பத்தில் கட்டினார். விமானக் குழாயின் வாய் சரியாக ஆறு. மதிய உணவு இடைவேளையிலும் விடுமுறை நாளிலும் அவரே அங்கே உட்கார்ந்தார். மற்ற நேரத்துக்குக் கடிகாரமும் நோட்டுமாக நான்.

"சும்மாதானே ஊரைச் சுத்துறே, இங்க உக்காந்து சுத்துறதைப் பாரு" என்றார்.

குளவிகள் வந்தன. எல்லாம் கறுப்பு, இடுப்புக்குக் கீழே மஞ்சள் பட்டைகள். எனக்கு அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி தெரிந்தன. ஒரு துளையை முடித்த குளவியையும், கட்டையைச் சுற்றிச் சும்மா வட்டமிடுவதையும் ஜாம் பாட்டிலில் பிடித்துக் குளிர்பெட்டியில் வைப்போம். குளிரில் மரத்துப்போகும். விரிசல் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அண்ணி அதைப் புரட்டிப் பார்ப்பார். முதுகில் துளி பெயின்ட் வைத்துப் பறக்கவிடுவார்.

ஒருநாள் காலை அண்ணன் அலறினான். "பால் எடுக்கக் கையை விட்டா குளவி முறைக்குது! இது வீடா, வேற என்னமோவா?"

"அது தூங்குது, கத்தி எழுப்பாதீங்க. பால் கீழ்த்தட்டுல."

ஒரு வாரத்தில் அண்ணி இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. படம் எடுத்து, அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அனுப்பினார். மறுநாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் சிரிப்பு முதலில் கேட்டது.

"மேடம், உங்க சின்ன வகைல பாதி, பெரிய வகையோட வீட்டுக்காரருங்க. மீசை நுனியைப் பாருங்க. கொக்கி மாதிரி சுருண்டிருந்தா ஆம்பளை. கொடுக்கும் இருக்காது, வீடும் கட்டாது."

"வேலை செய்யாம சும்மா சுத்திட்டு இருக்குமா?"

"பூவுல உக்காந்து தேன் குடிக்கும்."

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

தோற்றுப்போனதற்கு அண்ணி ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. நோட்டில் ஏழு பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். "அளவை வெச்சுப் பிரிச்சது என் தப்பு. சாப்பாடு கம்மியாக் கிடைச்ச குழந்தை சின்னதாத்தானே வளரும்" என்று முதலிலிருந்து தொடங்கினார். கொக்கி மீசைகளை ஒதுக்கினார். மிச்சமிருந்த பெண் குளவிகளின் கழுத்துக்குப் பின்னால் சிலவற்றுக்கு ஒரே மஞ்சள் கோடு, சிலவற்றுக்கு இரண்டு பொட்டு. நான் உடனே அதை எழுதப்போனேன்.

"பொறு. நிறத்தை நம்பாதே."

மூன்று நாள் லென்ஸும் கையுமாக இருந்தவர், நான்காம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். இடுப்புக்குக் கீழே முதல் வளையத்தில், குறுக்கே மெல்லிய மடிப்பு ஒன்று ஓடியது, தகரத்தின் ஓரத்தை மடக்கித் தட்டியது போல. அடுத்த குளவியைக் காட்டினார். அதே இடம் மழமழவென்று இருந்தது.

"மடிப்பு. மொழுக்கு" என்றார். பெயர் வைத்தாயிற்று.

அதற்குப் பிறகு நோட்டு தானாகப் பேசியது. மொழுக்கு நான்கு மில்லிமீட்டர் துளைக்கு மட்டுமே வந்தது. காலையில் ஆரம்பித்தால் கதவு சாத்தச் சாயங்காலம் ஆகும். மருந்தடிப்பவர் சொன்ன கணக்கேதான். மடிப்பு ஆறைத் தவிர எதையும் தொடவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்து புழுவும் கதவுமாக வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். பதினான்கு தடவை பார்த்தேன். ஒருமுறைகூட ஒன்றரை மணியைத் தாண்டவில்லை.

ஆகவே எல்லாம் குப்பிக்குள் இருப்பது எது என்பதில் வந்து நின்றது. மொழுக்கு என்றால் அண்ணி பொய் எழுதியவர். மடிப்பு என்றால், அவர் கவர் போடுவதற்கு முன்பே அது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறது.

"மொழுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"வராது. நான் ஒண்ணேமுக்காலுக்குக் கவர் போட்டேன்."

என் பத்து நாள் என்றோ முடிந்திருந்தது. டிக்கெட்டை இரண்டுமுறை தள்ளிப்போட்டேன். குப்பிக்குள் முட்டையிலிருந்து வந்த குஞ்சு பச்சைப் புழு ஐந்தையும் தின்று தீர்த்தது, வெள்ளையாகச் சுருண்டது, மெல்லக் கறுத்தது. விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, காலை காபி நேரத்தில் மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியே வந்தது. ஆண். அண்ணி லென்ஸில் நெடுநேரம் பார்த்தார். குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நானும் பார்த்தேன். கழுத்தில் இரண்டு பொட்டு இருந்தது. நான் பார்த்த மொழுக்குகளுக்கெல்லாம் அதுதான் இருந்தது. லென்ஸைக் கீழே இறக்கி மடிப்பைத் தேடுவதற்குள் அது கால்களை நீட்டியது, மறுபடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

விசாரணை பள்ளி முதல்வரின் அறையில் நடந்தது. நோட்டை எழுதியவள் என்பதால் என்னையும் உட்காரவைத்தார்கள். முதல்வர் வயதான பைலட், குறைவாகப் பேசும் பெண்மணி. எதிரே சட்டப்புத்தகமும் மருந்தடிப்பவரும். அண்ணி ஐஸ் டப்பாவிலிருந்து குப்பியை எடுத்து, சீட்டு தெரியும்படி வைத்தார்.

"இது மூணாவது விமானத்துலேர்ந்து எடுத்ததுதான்னு என்ன நிச்சயம்?" என்றார் முதல்வர்.

சட்டப்புத்தகம் சீட்டைப் புரட்டினார். அவருடைய கையெழுத்து. "நிச்சயம்தான்" என்றார், சுரத்தில்லாமல்.

மருந்தடிப்பவர் குனிந்து பார்த்தார். "ரெண்டு பொட்டு இருக்குல்ல? நான் சொன்ன அதே குளவிதான். நாள் பூராக் கட்டும்."

அண்ணி பஞ்சை எடுத்து, குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்தார். குளிர் விலகி, குளவி கால்களை நீட்டி நடக்க ஆரம்பித்தது. மருந்தடிப்பவரின் நாற்காலி தானாகப் பின்னால் போனது.

"ஐயோ, கொட்டிடும்மா!"

"ஆம்பளைங்க சார். கொடுக்கு கிடையாது." அண்ணி முதல்வர் பக்கம் கையை நீட்டினார். "இதுல ஆம்பளைக்குப் பொட்டும் வரும், கோடும் வரும், ரெண்டும் இல்லாமலும் போகும். எட்டு ஆம்பளை பாத்திருக்கேன், எட்டும் எட்டு மாதிரி. பொட்டு பெயின்ட் மாதிரி மேடம். நம்ம மூணாவது விமானத்துக்கு நாளைக்கே நீலம் அடிச்சா அது வேற விமானம் ஆயிடுமா? தகட்டைப் பாருங்க. இடுப்புக்குக் கீழ, முதல் வளையத்துல."

முதல்வர் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தார். குளவி அண்ணியின் கட்டைவிரல்மேல் ஏறி நின்றது. அண்ணியின் கை ஆடவே இல்லை.

"மடிச்சிருக்கு" என்றார் முதல்வர். "ஓரம் மடிச்ச மாதிரி ஒரு கோடு."

"இப்ப இதைப் பாருங்க. இது மருந்தடிக்கிற சார் சொல்றது." இரண்டாவது பாட்டிலில் மொழுக்கு மரத்துக் கிடந்தது.

முதல்வர் பார்த்தார். லென்ஸை மருந்தடிப்பவரிடம் நீட்டினார். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாரு பாப்பாங்க?" என்றார்.

"நான் பாத்தேன்" என்றார் அண்ணி.

பிறகு முதல்வர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். படித்து முடித்துச் சட்டப்புத்தகத்தைப் பார்த்தார். முதல்வர் எதுவும் கேட்காமலேயே அவர் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே பேனாவையும் எடுத்தார்.

"ரெண்டு மணி நேரம்னு எழுதினது என் தப்புதான்" என்றார். "இப்ப எவ்வளவுன்னு போடட்டும்?"

"நேரமே போடாதீங்க சார். விமானத்து விசிறி நின்னதும் கவர்."

"விசிறி நின்றதும்" என்று அவர் எழுதினார். எழுதியதற்கு ஒரு சீட்டும் கட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணி உள்ளங்கையைத் திறந்தார். குளவி இரண்டு அடி நடந்து, வெயிலில் சூடேறி, வேலிப் பக்கம் பறந்தது. அங்கே கம்பத்தில் ஆறு மில்லிமீட்டர் துளைகள் மட்டும் போட்ட பெரிய கட்டை ஒன்றை அண்ணி புதிதாகக் கட்டியிருந்தார். முந்தின நாளே கட்டிவிட்டாராம்.

"தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியேவா?"

"அதுகளுக்கும் வீடு வேணும்ல, ஊர்சுத்தி."

மைதானத்தில் மூன்றாவது விமானம் வந்து நின்றது. அதன் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி குழாய்க்கான சிவப்புக் கவரை எடுத்துக்கொண்டு இறக்கையை நோக்கி நடந்தார்.