இருவருக்கும் ஒரே கண்ணாடி

எங்கள் வீட்டில் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். லாரிக்காரர்கள் நீட்டும் சீட்டைப் படிக்க முடியவில்லை என்று, பஸ் ஸ்டாண்டு தரைக்கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து வாங்கி வந்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடி. கிட்டத்தில் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

எனக்கும் கிட்டத்தில் எதுவும் தெரியாமல் போயிருந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது வாங்கிப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவேன், ஊசியில் நூல் கோப்பேன். வாசலில் ஆள் வந்தால் கழற்றி மடியில் மறைத்துக்கொள்வேன். எங்கள் ஊர் பென்னலூரில் என் மாதிரிப் பெண்கள் கண்ணாடி போட்டால் டீச்சரம்மா என்று கேலி பேசுவார்கள். அவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "என் கண்ணைக் குடுடி, எவ்ளோ நேரம் வச்சிக்கினு இருப்பே" என்பார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரு நாள், வேலையிலேயே மார்வலி வந்து விழுந்தவரைக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். உயிர் இல்லை. குளிப்பாட்டிக் கிடத்தினதும் என் மகன் அந்தக் கண்ணாடியைத் துடைத்து அவர் முகத்தில் மாட்டினான். அது இல்லாமல் அப்பா மாதிரியே இல்லை என்று அழுதான்.

நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பக்கத்தில் அவர் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. எட்டி நின்றால் தெரிந்திருக்கும். அத்தனை கூட்டத்தில் எழுந்திருக்கக் கூச்சம்.

பாடை வந்தது. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார். என்ன வந்ததோ எனக்கு, எல்லார் முன்னாலும் கையை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "இன்னா அண்ணி பண்றே? பொணத்து மேல கீறத எடுத்துப் போட்டுக்குவாங்களா?"

"எனக்கு அவரு மூஞ்சி தெரியல" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள்.

பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். தாடையில் நரைத்த முள் முடி. இடது புருவத்தில் ஒரு முடி மட்டும் நீண்டு வளைந்திருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. போட்டுக்கொண்டால் அரிசியைப் பார்ப்பேன், கழற்றினால் அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்க்க அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தூக்கினார்கள். மகன் என்னைப் பார்த்தான், திருப்பிக் கேட்கவில்லை. வாசலில் நின்று, பாடை தெருவில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரம் காட்டாத கண்ணாடி. கொஞ்சம் போனதுமே எல்லாரும் தண்ணீரில் கரைந்த மாதிரி ஆகிவிட்டார்கள். கழற்றினால் தெருமுனை வரை தெரியும். நான் கழற்றவில்லை.