அரிசி டின்னுக்குள் அடித்த போன்

எங்கள் சாச்சிக்கு, அதாவது அத்தாவின் தம்பி மனைவிக்கு, விருந்து வைக்கக் காரணமே வேண்டாம். சாச்சா சவூதியில் இருந்தார். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் மற்ற பெண்கள் பொழுது போகப் பூத்தையல் போட்டார்கள். சாச்சி ஆட்களைச் சேர்த்தாள்.

ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். எந்த நாலு பேர் என்பதில்தான் சாச்சியின் கைவண்ணம். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரையும் மதினியையும் ஒரே தட்டில் உட்கார வைப்பாள். கை கழுவும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கதவோரம் நின்று பார்க்கும் சாச்சியின் முகம் பெருநாளன்றுகூட அப்படி இருக்காது.

அன்று காலை நெய்ச்சோற்றுக்கு உலை கொதிக்கும்போது போன் வந்தது. எனக்கு ஒன்பது வயது; வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சாச்சி போனைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அரிசி டின்னைத் திறந்து போனை ஆழமாகப் புதைத்தாள்.

"தண்ணியில வுழுந்துடுச்சா சாச்சி?" நனைந்த போனை எங்கள் வீட்டில் அப்படித்தான் காயவைப்போம்.

"ஆமா. தொடாத."

மதியம் பத்து சஹன். சாச்சி அன்றுபோல் என்றுமே சிரித்ததில்லை. தால்ச்சா எடுக்க நான் உள்ளே போனபோது டின் உறுமியது. மூடியைத் திறந்தேன். அரிசி நடுங்கி, நடுவில் தானாகக் குழிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து மூடியை அழுத்தியது. சுடச்சுடச் சோறு பரிமாறிய சாச்சியின் கை, ஐஸ் மாதிரி இருந்தது.

"கடைசி சஹன் எந்திரிக்கட்டும்மா," என்றாள்.

கடைசிப் பெண்ணும் செருப்பு மாட்டிப் போனபின், அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். போன் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லுங்க," என்றாள். கேட்டுவிட்டு, எச்சில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அலறினாள்.

சாப்பிட்டுப் போன பெண்களே சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் திரும்பி வந்தார்கள். சாச்சா மவுத்; சவூதியிலேயே இறந்துபோனார். ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்: "காலையிலயே போன்ல சொல்லிட்டோம்னு அங்கேருந்து சொல்றாங்களே. தெரிஞ்சுமா விருந்து வெச்சா?"

சாச்சி தலை நிமிரவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன் தண்ணியில வுழுந்து அரிசி டின்னுல கெடந்துச்சு. நான் பாத்தேன். அல்லா மேல ஆணையா."

எல்லோரும் நம்பினார்கள். அதன்பின் சாச்சி யாரையும் விருந்துக்குக் கூப்பிடவே இல்லை. அன்று என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை சொன்ன பிள்ளையை இப்படியா பார்ப்பது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நனைந்த போன் அடிக்காது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.