கன்னி மூலை

சம்பா அறுவடைக்கு முன்னால் பெய்த மழையில் எங்கள் ஊர்ப் பள்ளக்கால் வயல்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. என் வயல் மேட்டில் இருக்கிறது, தப்பித்தது. தப்பித்ததுதான் வினையாகப் போயிற்று.

பயிர்க் காப்பீட்டுக்காக ஊருக்கு நான்கு வயல்களைக் குலுக்கலில் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். நான்கின் சராசரிதான் ஊரின் விளைச்சல். அது கூடினால் பயிர் மூழ்கியவருக்கும் ஒன்றும் கிடைக்காது. குலுக்கலில் என் வயலும் வந்தது.

அளக்கும் இடத்தைக் கன்னி மூலையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, காலடி எண்ணி நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். முந்தின நாள் பக்கத்து வயல்காரரிடம் நானே இதை விளக்கியிருந்தேன். என் மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்த அவருடைய பயிர் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது.

வந்த அலுவலர் பைக்கை வடமேற்கில் நிறுத்திவிட்டு அங்கிருந்தே காலடி எண்ணி நடந்தார். அது மூங்கில் நிழல் விழுகிற மூலை. அங்கே பயிர் எப்போதுமே சவலைதான். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். பக்கத்து வயல்காரர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"வெயில் ஏறுது சார். வீட்டுக்குப் போயி மோர் குடிச்சிட்டு வாங்களேன்."

"குடிச்சாச்சு."

"இன்னொரு டம்ளர் குடிங்க."

எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று பார்க்க எனக்கே ஆவலாக இருந்தது. தப்பு செய்தவர் அலுவலர், நான் இல்லை. முதல் முளைக்குச்சி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதைத் தட்டும்போது, "கன்னி மூலையிலேருந்துதானே ஆரம்பிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அலுவலர் செல்போனில் திசை பார்த்தார். "ஆமாங்க. வண்டிய இங்க நிறுத்துன ஞாபகத்துல வந்துட்டேன்."

குச்சிகளைப் பிடுங்கிப் புது இடத்தில் அடித்தார்கள். அங்கே கதிர் மணி கனத்துத் தலை சாய்த்து நின்றது.

"என் மூணு மா நெல்லும் வயல்லயே முளைச்சுக் கெடக்கு. உங்களுக்கு மூலை பெருசாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வயல்காரர் வரப்பேறிப் போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "பேசாம இருக்க முடியலயா உங்களால?"

"எண்ணிக்கிட்டே இருந்தேன், வந்துடுச்சு."

"தானா வர்றதுக்கு அது என்ன கொட்டாவியா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் நெல் பத்திரமாக இருக்கிறது. உண்மை பேசியதில் எனக்கு ஒரு குண்டுமணி நஷ்டமில்லை. நஷ்டம் அவருக்கு. அப்படியானால் இதில் என் நேர்மை எவ்வளவு? எத்தனை முறை கழித்துப் பார்த்தும் விடை வரவில்லை.

மறுநாள் காலை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பக்கத்து வயல்காரர்.

"ஏறுங்க சார். பள்ளக்கால்ல ரெண்டாவது வயல அளக்குறாங்க. அங்கயும் மூலைய மாத்திட்டாங்கன்னா? நாங்க சொன்னா, இன்சூரன்ஸ் காசுக்குச் சொல்றோம்பாரு ஆபீசரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"நேத்து கோவமாப் போனீங்களே தம்பி."

"இன்னிக்கும் கோவந்தான். ஏறுங்க."

"சரியான எடத்துல பயிர் நல்லா இருந்தா?"

வண்டியை முறுக்கினார். "அப்பவும் அதைத்தான் சொல்லுவீங்க. தெரிஞ்சுதானே கூப்புடுறேன்."

ஹெல்மெட் ஒன்றுதானே இருக்கிறது என்றேன். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.