வாரேன் என்று வைத்த போன்

கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

நேற்று செல்வி தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தாள். அடியில் இரண்டு கட்டம்: 'வருகிறேன்', 'வர இயலாது'. ஒன்றைத் தொட்டால் போதுமாம். விரலை நீட்டியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழைய பூத் ரிசீவரில் ஊறிய வெற்றிலை வாடை மூக்கில் ஏறிவிட்டது.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு, முகம் தெரியாத போன் தோதாக இருந்தது. தெருவில் பாதி வீட்டுக்கு எங்கள் நம்பர்தான். செல்வி கல்யாணத்துக்கும் அவள் அம்மா ராமுத்தாயக்கா பத்திரிகையில் அதையே போட்டிருந்தாள். வருகிறவர், வராதவர் யாரென்று கேட்டு, நோட்டில் எழுதிவைத்து நான் சொல்ல வேண்டும்.

அக்கா விசாரித்ததெல்லாம் ஒரே ஆளைத்தான். தளவாய்புரத்தில் இருந்த தம்பி. செல்வியைத் தன் மகனுக்குக் கேட்டு, கொடுக்கவில்லை என்று பேச்சை முறித்துக்கொண்டவர். நேரில் போனால் வாசலிலேயே ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து, பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

"ஏலே, எந்தம்பி பேசினானா?"

"இல்லக்கா."

"இன்னைக்கும் பேசலன்னா நாளைக்கு வெத்தல பாக்கோட நானே போயிருதேன். வஞ்சா வஞ்சுட்டுப் போறான். மாமன் கையப் பிடிச்சுக் கூட்டியாராம எம்பிள்ள மணவறையில எப்படி ஒக்காரும்?"

அன்று சாயங்காலமே அவர் பேசினார்.

"கார்டு வந்துச்சுன்னு எங்கக்காட்ட சொல்லிருங்க தம்பி. கூடப் பொறந்தவனுக்கும் தபால்காரன்தான் பாக்கு வைக்கான். அம்புட்டுத்தான் நம்ம மருவாதி. சரி, வாரேன்."

வைத்துவிட்டார். 'கல்யாணத்துக்கா?' என்று கேட்க வாய் எழவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூச்சம். எந்த எழுத்து என்று செத்த நேரம் யோசித்து, நோட்டில் 'வாறார்' என்று எழுதினேன். மனத்தாங்கலை எதற்குக் கடத்த வேண்டும் என்று தபால்காரன் பேச்சை விழுங்கிவிட்டு, கடைசி வார்த்தையை மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

"ஒன் வாயில சீனியப் போட" என்று சிரித்தாள். தளவாய்புரத்துக்குப் போகவில்லை.

கல்யாணத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள். முகூர்த்தம் நெருங்கியதும் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர்தான் செல்வியைக் கைபிடித்து அழைத்துப் போனார். தம்பியோ, அக்கா வந்து கூப்பிடுவாள் என்று முந்தின நாள் முழுக்க வீட்டைவிட்டு அசையவில்லையாம். பிறகுதான் தெரிந்தது. விடைபெறும்போதும் நம் பக்கம் 'வாரேன்'தான் என்பது எனக்குத் தெரியாததா? பூத்தில் நாள் முழுக்க என் காதில் விழுந்த வார்த்தை அது.

"வாரேன்னு சொல்லி ஏமாத்திட்டான்லே" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பூத் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போனில் பேசி முடிக்கும்போது யாரும் 'வாரேன்' என்பதில்லை, 'வச்சிரட்டா' என்கிறார்கள்.

கட்டத்தை நான் தொடவில்லை. நாளைக்கு பஸ் ஏறி, அம்மாவிடம் சொல்லாததை மகள் செல்வியிடமாவது சொல்லிவிட்டு வர வேண்டும். அங்கே வாய் எழ வேண்டுமே என்றுதான் முதலில் உங்களிடம் எழுதிப் பார்த்தேன்.

ஆவணி ஆறு, ஞாயிற்றுக்கிழமை.