இருபத்திரண்டாவது செட்டிங்

போன வாரம் ரோஸ்லின் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். என் கண்ணுக்குத் திரை ஒத்துக்கொள்ளாது என்பதால் கடைத்தெருவில் அச்செடுத்து வாங்கினேன். சூடாக இருந்த தாளை முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. எங்கள் ஆபீஸில் இருந்த பழைய பிரிண்டரின் மைநாடா அப்படி விடாது, சட்டையோடு வீடுவரை வரும். "மண்ணெண்ணெய்க் கடையிலயா வேலை?" என்று என் மனைவி கேட்பாள். அவள் போய் ஆறு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

தாளில் நாற்பத்தேழு வரிகள். மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் காரைக்கால் குடும்பங்களுக்குப் படிவங்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான் எழுதிய புரோகிராம் இன்னும் அங்கே ஓடுகிறது. இப்போது அதைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லின் எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறாள். பட்டியலிலுள்ள பழைய செட்டிங்குகளில் எதை எடுத்துவிடலாம் என்பதுதான் கேள்வி. போனில் பேசினேன்.

"சார், நாப்பத்தேழுல முப்பத்தெட்டை யாருமே தொடறதில்ல. நீங்க சரின்னா எடுத்துடறேன்."

"சரின்னு சொல்லாட்டி?"

"அப்பவும் எடுக்கத்தான் போறேன் சார். ஒரு மரியாதைக்குக் கேக்கறேன்."

பென்சிலோடு உட்கார்ந்தேன். மூன்றாவது செட்டிங், அச்சு ஒரு வரி கீழே இறங்குவதற்கு. ஒரு வருடம் படிவங்கள் கோணலாக வெட்டுப்பட்டு வந்தன. அந்தப் படிவக் கட்டு தீர்ந்தது, செட்டிங் தங்கிவிட்டது. பதினொன்றாவது, ஒரே தகப்பன் பிள்ளைகளுக்கு வேறுவேறு குடும்பப் பெயர் இருக்கலாம் என்பது. பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பதிந்த காலத்தில் அண்ணன் ஒரு பெயரும் தம்பி ஒரு பெயரும் வைத்துக்கொண்ட வீடுகள் இங்கே உண்டு. அது தெரியாத என் புரோகிராம் 'தவறு' என்று காட்ட, எதிரே இருந்தவர் எழுந்துவிட்டார். "தப்புங்கிறது என்னையா, எங்கப்பாவையாங்க?" அதை ரோஸ்லினும் எடுக்கவில்லை. இன்னும் ஒன்பது குடும்பம் இருக்கிறதாம்.

இருபத்திரண்டில் பென்சில் நின்றது. அதற்கு நேரே 'கடைசியாகப் பயன்பட்டது: நான்கு வருடம் முன்பு' என்றிருந்தது.

பென்ஷன் வாங்குகிறவர் தாம் உயிரோடிருப்பதை வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். டிசம்பர் கடைசி தேதிக்குள் படிவம் வராவிட்டால், 'அத்தாட்சி இல்லை' என்ற பட்டியலில் புரோகிராம் பெயரைச் சேர்த்துவிடும், பென்ஷன் நின்றுபோகும். அந்தக் கெடுவை எழுதியவன் நான். ஒரு நாள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

தருமபுரத்திலிருந்த பிலோமினா மதாம் ஒரு சிப்பாயின் விதவை. கிறிஸ்மஸுக்குப் பிரான்சிலிருந்து மகன் வந்த பிறகு, அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸுக்கு வருவார். அவருக்கு மட்டுமில்லை, பலருக்கும் அதுதான் வழக்கம். படிவம் ஒரு சாக்கு. பிள்ளையைக் காட்டத்தான் வருவார்கள். அதனால் எங்கள் மேசைக்கு எதிரே எப்போதும் இரண்டு நாற்காலி. பக்கத்து மேசை அல்போன்ஸ்தான் இரண்டாவதை இழுத்துப் போடுவார். பையன் சாக்லேட் பெட்டியைத் திறப்பான், அரை மணி நேரத்துக்கு மைநாடா வாசனை தோற்றுப்போகும்.

ஒரு வருடம் மகனுக்கு லீவு தள்ளிப்போய்விட்டது. மதாம் காத்திருந்தார், என் புரோகிராம் காத்திருக்கவில்லை. ஜனவரி கடைசியில் தனியாக வந்தார்.

"தம்பி, நான் செத்துட்டேன்னு எழுதிட்டீங்களாமே. மாலை வாங்கினீங்களா?"

அல்போன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். மதாம் உட்காரவில்லை. காகிதத்தில் அவருக்கு உயிர் திரும்ப ஐந்து மாதமும் மூன்று கடிதமும் ஆயிற்று.

அன்றே எழுதியதுதான் இருபத்திரண்டு. அதில் பெயர் இருந்தால் கெடுவுக்குப் பிறகும் பதினைந்து நாள் பொறுக்கும். "லீவு என்ன, பிள்ளைங்க கையிலயா இருக்கு?" என்று அல்போன்ஸ் கேட்டார். இருபத்தொரு நாளாக்கினேன். போகப்போகப் பத்தொன்பது பெயர்கள் அதில் சேர்ந்தன. பதினெட்டுப் பேர் இப்போது இல்லை, மதாம் உட்பட. மிச்சமிருப்பது அல்போன்ஸ். இளமையில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவருக்கும் பென்ஷன் உண்டு. மகள் லூசி பிரான்சில்தான் இருக்கிறாள்.

"இருபத்திரண்டை மட்டும் விட்டு வைம்மா, ஒருத்தர் இருக்காரு" என்றேன் ரோஸ்லினிடம்.

"ஒருத்தருக்காக எல்லாத் தேதிக்கும் தனிக் கணக்கு வைக்கணும் சார். அவரையே கேட்டுப் பாருங்களேன்."

மறுநாள் காலை அல்போன்ஸ் வீட்டு மாடியேறினேன்.

"வாங்க. படி எத்தனை?"

"பதினாலு."

"போன தடவையும் அதான் சொன்னீங்க. அப்படின்னா வீடு இன்னும் மண்ணுக்குள்ள எறங்கல."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். இந்த வருடப் படிவம், கையெழுத்தோடு.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் அம்பத்திரண்டு நாள் இருக்கே. லூசி வரட்டுமே."

"அவ வர்றதில்லைங்க. நாலு வருஷமாச்சு. ஞாயித்துக்கெழமை போன்ல மூஞ்சியக் காட்டுவா, நானும் காட்டுவேன். நான் உசுரோட இருக்கறது அவளுக்குத் தெரிஞ்சுடுது."

"இத்தனை வருஷம் படிவம்?"

"நவம்பர்லயே தபால்ல போட்டுருவேன். இந்தத் தடவை நீங்க வந்தீங்க, ஸ்டாம்பு மிச்சம்." அலமாரியைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துடச் சொல்லுங்க. அது சும்மா காத்துக்கிட்டு இருக்க வேணாம்."

நான்கு வருடம் என்று தாளில் கறுப்பு மையில் எழுதியிருந்ததே. லூசி நேரத்துக்கு வந்துபோகிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். படிகளையெல்லாம் எண்ணுகிறவன், இதை எண்ணவில்லை.

உறையை நானே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரோஸ்லின் பதிந்துகொண்டாள். பிறகு இருபத்திரண்டை அழித்தாள், ஒரு நொடிகூட ஆகவில்லை. நாற்பத்தேழில் ஒன்பது மிச்சம்.

"உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்தேன். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது.