ஏட்டு எழுதாமல் விட்ட குலவை

ஏட்டு பிச்சைக்கண்ணு போலீஸில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் நாலு மெமோ, ஒரு சஸ்பெண்டு. பெரிய இடத்து மருமகன் ஒருவனை ஒரு ராத்திரி லாக்கப்பில் வைத்ததற்குத்தான் அந்த சஸ்பெண்டு. அது முடிந்ததும் தூக்கி ராதாபுரம் பக்கம் போட்டார்கள். பனைமரத்தையும் புழுதியையும் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் கிடந்தார். கூடச் சேர்ந்தவர்கள் எஸ்.ஐ. ஆகி ஜீப்பில் போனார்கள். இவர் சைக்கிளை மிதித்தார். வேலையை விட்டுவிடலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் மனைவியே சிரித்திருப்பாள், வேறு என்ன தெரியும் இந்த மனுசனுக்கு என்று.

தெரிந்தது ஒன்று உண்டு. எந்தத் தெருவுக்கு எதில் ரோசம் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் ஊர்வலம், கோயில் கொடை என்று எது வந்தாலும் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து உடன்படிக்கை எழுதுகிற வேலை அவர் தலையில்தான் விழும். அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறு ஆடியில் மருதடியூர் அம்மன் கொடைக்கும் அவர்தான் எழுதினார். கீழத்தெருப் பெண்கள் முளைப்பாரி எடுத்து ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் மேளம் அடித்ததில் வாய்ச்சண்டை வந்து, ஒருவனுக்குக் கை போயிற்று. அதோடு கொடையும் நின்றது. இப்போது ஏட்டு எழுதியது இதுதான்: மேலத்தெரு முனையில் மேளத்தை நிறுத்த வேண்டும், வேட்டு போடக் கூடாது, கோஷம் கூடாது, ஆம்பிளைகள் பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது. இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டது.

சாயங்காலம் நாலு மணி. அறுபது பெண்கள் தலையில் முளைப்பாரிச் சட்டியோடு மேலத்தெருவுக்குள் வந்தார்கள். மேளம் நின்றது. இருபக்கமும் மேலத்தெரு ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆயுதப்படையிலிருந்து வந்த எட்டு போலீஸ்காரர்கள் ஏட்டின் பொறுப்பில். அதில் நாலு பேர் கையில் துப்பாக்கி. இன்ஸ்பெக்டர் சுந்தர்ராமன் பக்கத்து ஊர்ப் பந்தோபஸ்தில் இருந்தார்.

ஒரு சட்டிகூடக் கீழே விழுந்து உடையக் கூடாது. ஏட்டுக்கு அன்றைக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. முளைப்பாரி உடைந்தால் கீழத்தெருவில் ஒரு ஆம்பிளை வீட்டில் இருக்க மாட்டான். அரிவாளோடுதான் வருவான்.

பாதித் தெருவில் மேலத்தெருக்காரர்களின் பிள்ளையார் கோயில். வரிசையில் முன்னால் போன கோமு என்கிற பெண் அதைக் கண்டதும் நின்று குலவையிட்டாள். பின்னால் வந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே அதிர்ந்தது.

ஏட்டு உடன்படிக்கையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மேளம், வேட்டு, கோஷம் எல்லாம் எழுதியாயிற்று. குலவையை எழுதவில்லை. பெண்கள் போடுகிற சத்தத்தை யார் கணக்கில் வைத்தார்கள்? அவரும் வைக்கவில்லை.

மேலத்தெரு நாட்டாமை தாணுமாலையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "என்னவே ஏட்டு, மேளத்த நிப்பாட்டிட்டுப் பொம்பளைகள விட்டு எக்காளம் போடச் சொல்லுதீரோ?"

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்தது. ஏட்டின் நெற்றியில் பட்டுத் தொப்பி விழுந்தது. எறிந்தவனை அவர் நேராகப் பார்த்தார். டிராக்டர் ஓட்டுகிற செல்வமணி. ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. ஏட்டின் கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது.

பின்னால் துப்பாக்கியின் போல்ட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. போலீஸ்காரன் மாரிசெல்வம்.

"ஏலே, இறக்கு."

"ஐயா, ரத்தம் வருது."

"எனக்குத்தானலே வருது. ஒனக்கென்ன. துப்பாக்கியத் தோள்ல மாட்டு. எட்டுப் பேரும் பொம்பளைகளுக்கு ரெண்டு பக்கமும் போய் நில்லுங்க. ஒருத்தனும் இங்கன நிக்கப்படாது."

எட்டுப் பேரும் போனார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் ஏட்டு மட்டும் நின்றார்.

"அண்ணாச்சி, குலவைய எழுதாம விட்டது நான். இதுகளுக்கு யாரும் சொல்லல. தப்பு என் பேர்ல. எறியணும்னா இங்கன எறியச் சொல்லும், அங்கன வேண்டாம்."

கூட்டத்தில் கல் வைத்திருந்த கைகள் கீழே இறங்கவில்லை.

ஏட்டு திரும்பாமலே சொன்னார். "கோமு, பைய நடங்க. ஓடப்படாது."

"நடக்க முடியாது ஏட்டையா." கோமு சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "குலவ மூணு போடணும். ஒண்ணுதான் போட்டிருக்கு. பாதில விட்டுட்டுப் போனா சாமிக்கு ஆகாது."

இந்தப் பெண்ணை என்ன செய்வது. ஏட்டு கையால் ரத்தத்தை வழித்து உதறினார்.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பாக்கி இருக்காம்."

"என்னது?"

"குலவ."

"நீரு என்னவே, கல்லு பட்டதுல புத்தி கலங்கிட்டா?"

"கலங்கல. அதுக போடுறது ஒம்ம பிள்ளையாருக்குத்தான். ஒம்ம வீட்டுப் பொம்பளைக கோயிலக் கண்டா வாயப் பொத்திக்கிட்டா போகுது?"

"எங்க பிள்ளையாருக்கா போடுதுக?"

"பின்ன எனக்கா போடுதுக? எனக்குத்தான் கல்லப் போட்டாச்சே."

கூட்டத்தில் யாரோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். தாணுமாலையன் அவனை முறைத்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்தார்.

"போட்டுட்டுப் போகச் சொல்லும். சுருக்கா."

இரண்டாவது குலவை நாக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி வந்தது. மூன்றாவது கொஞ்சம் தேவலை. சட்டிகள் நகர்ந்தன. ஏட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். அறுபதும் தெருவைத் தாண்டியது. தூரத்தில் மேளம் தொடங்கியபோதுதான் அவர் ஒரு துண்டை வாங்கிக் காயத்தில் கட்டினார்.

வயர்லெஸ்ஸில் நடந்ததைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற ஏட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எறிஞ்சவன் யாரு?"

செல்வமணி பத்தடி தள்ளி நின்றான். ஓடவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தெரியல சார். வெயில் எதிர அடிச்சுது."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். எதிர்ல நின்னு எறிஞ்சவன் தெரியலையா? வேன் வரச் சொல்லியிருக்கேன். பேரைச் சொல்லு ஏட்டு. இல்லாட்டி ரிப்போர்ட்ல உன் பேரைத்தான் எழுதுவேன். அக்ரிமெண்ட்ல கோட்டை விட்டது, ஃபோர்ஸை விலக்கினது, எல்லாம் சேர்த்து."

"எழுதுங்க சார். அதெல்லாம் உள்ளதுதான்." ஏட்டு கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டினார். துண்டுக்கு மேல் அது உட்காரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். "ஆனா வேன் இப்ப வேண்டாம் சார். பொம்பளைக ஆறு மணிக்கு இதே தெரு வழியாத்தான் திரும்புதாக. இங்கன ஒருத்தன வேன்ல ஏத்துனா, அதுக ஊர் போய்ச் சேராது."

இன்ஸ்பெக்டர் தெருவைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். அவர் ஜீப்பில் ஏறி வயர்லெஸ்ஸை எடுத்து, வேனை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னார். "மெமோ நாளைக்கு வரும்" என்றார்.

"சரி சார்."

ஏட்டு பிள்ளையார் கோயில் முன்னால் போய் நின்றார். மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. மாரிசெல்வமும் மற்ற ஏழு பேரும் யாரும் சொல்லாமலே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள்.