மதகில் கட்டிய படகு

வெயிலில் வெந்த பிளாஸ்டிக்கும் ஏரிச்சேறும் கலந்தால் ஒரு வாசனை வரும். நாள் முழுக்க வெயிலில் கிடந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டும்போது அதில் பாதி எனக்கு இன்றும் கிடைக்கிறது. மீதிப் பாதிக்கு எங்கள் ஏரி வேண்டும், அப்பா மிதிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் மணிமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம், நான் ஆறாம் வகுப்பு. அதற்குச் சில வருடங்கள் முன்பே ஊரில் முக்கால்வாசிப் பேர் நிலத்தைக் கம்பெனிகளுக்கும் பிளாட் போடுகிறவர்களுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அப்பாவும் கொடுத்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். ஷிப்ட், ஓ.டி., லைன், சூப்பர்வைசர் என்று அவர் பேச்சே மாறிப்போனது. எல்லாவற்றையும் பழகிக்கொண்ட மனிதருக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை, அது வார லீவு. பயிர் வைத்தவனுக்கு ஏது லீவு? ஞாயிறு விடிந்தால் குளித்துவிட்டுத் தெருவில் இறங்கி நிற்பார், உள்ளே வருவார், மறுபடியும் இறங்குவார். "இன்னா பண்றதுன்னே தெரிலடி, கையும் காலும் நமநமன்னு கீது" என்று அம்மாவிடம் சொல்வார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தண்டலம் பக்கம் நெடுஞ்சாலையோரம் திறந்திருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, கூட்டம் வராமல் மூடிவிட்டது. அங்கே சிமெண்டுக் குளத்தில் கிடந்த மிதிபடகுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அன்னப்பறவை உருவத்தில் இருக்கும், முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்க, பின்னால் இன்னும் இரண்டு பேர் குந்திக்கொள்ளலாம். அப்பா வாங்கிய அன்னத்துக்குக் கழுத்து முறிந்து போயிருந்தது, அதனால்தான் அத்தனை மலிவு. உழவுக்குப் போகாமல் சும்மா நின்ற ஒரு டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து தெருவில் இறக்கியபோது ஊரே கூடிவிட்டது. "இன்னாபா, தலயில்லாத வாத்த இட்டாந்துகீற, குழம்பு வெக்கவா?" என்று ஒருவர் கேட்க, சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நெலத்த வித்துட்டு பொம்ம வாங்கினு வந்துகீறாரு மகாராசா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் என்ன சந்தோஷம் அது! முறிந்த கழுத்தின் ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து ஏரியில் விட்டார் அப்பா. எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையை அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் இருந்த தெற்கத்திப் பையன்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல்கூட வந்து முறை வைத்து மிதித்தார்கள். அவர்களில் செல்லத்துரை என்று சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன், இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்று படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வெயிலைக் கண்டால் எரிந்து விழுகிற அப்பா, நடு ஏரியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி அப்படியே இருப்பார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அங்கேதான்.

அம்மா ஏறவே இல்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவளுக்கு மஞ்சக்காணியாக, அதாவது பிறந்த வீட்டுச் சீராக வந்த அரைக்காணி நிலம் ஏரிக்குக் கீழே இருந்தது, அதை மட்டும் விற்க விடவில்லை அவள். சுற்றிலும் பிளாட் கல் நட்டுப் புல் முளைத்துக் கிடக்க, நடுவில் அந்த ஒரு துண்டு மட்டும் பச்சையாக நிற்கும். அதில் இறங்குமுன் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுவாள். ஏரி பங்குனியிலும் படகு விடுகிற அளவுக்கு நிறைந்திருந்ததற்குக் காரணமே, தண்ணீர் கேட்க ஆள் இல்லாததுதான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மாவுக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் உறைத்திருக்கிறது.

அந்த வருடம், மார்கழி தையில் நடுகிற நவரைப் பட்டத்தில் நெல் நட்டாள். மாசி வரைக்கும், இன்னும் விற்காமல் தரிசாகக் கிடந்த பக்கத்து நிலத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கிப் பாய்ச்சினாள். பிறகு அந்த நிலமும் கைமாறியது. வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரம், வயல் கண்டம் வெடிக்க ஆரம்பித்தது. இனி மதகைத் திறந்தால்தான் உண்டு என்று ஒரு காலையில் அம்மா மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குப் போனாள், பள்ளி விடுமுறையாதலால் நானும் கூடப் போனேன்.

மதகின் மேல், கதவைத் தூக்குகிற இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் கம்பிகளுக்குள் சங்கிலியை விட்டு, படகை இழுத்துக் கட்டி, பூட்டும் போட்டிருந்தார் அப்பா. கரையோரம் ஆழமான இடம் அது ஒன்றுதான், கட்டுவதற்குத் தோதான இரும்பும் அது ஒன்றுதான். ஊர்ப் பையன்கள் எடுத்துக்கொண்டு போகாமலிருக்கப் பூட்டு. வேறு எதையும் அவர் நினைக்கவில்லை, அதுதான் கொடுமை. பிறந்ததிலிருந்து அந்த மதகுத் தண்ணீரில் சோறு தின்ற மனிதர், அது திறப்பதற்கானது என்பதையே மறந்துவிட்டிருந்தார். சாவி அவரோடு கம்பெனியில் இருந்தது. அம்மா சக்கரத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள், சங்கிலி இறுகி நின்றுவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். மதகின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்: "மதகுக்குப் பூட்டு போட்ட மொத ஆளு நீதான்யா. ஒனக்கே இது நல்லாகீதா?"

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "ஒரு கண்டத்துக்காவ ஏரியத் தொறக்கறதாடி? கால்வா தூந்து கெடக்குது. முக்கால்வாசி தண்ணி பிளாட்டுலதான் போயி நிக்கும். அப்புறம் ஏரியில இன்னா மிஞ்சும்?" என்றார்.

"மிஞ்சி இன்னா பண்ணப் போற? வாத்து மேய்க்கவா?"

வாடகை கொடுக்க வந்த செல்லத்துரை வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "அண்ணாச்சி, நாஞ் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊர்ல தண்ணி இல்லாமத்தான் நான் இங்க வந்து நட்டு முடுக்கிட்டுக் கெடக்கேன். தண்ணிய வச்சிக்கிட்டே பயிரக் காயப்போட்டா பாவம் அண்ணாச்சி" என்றான். அப்பா சாப்பிடாமலும் எழுந்திருக்காமலும் தட்டின் முன்னால் அப்படியே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படகுக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினார். முன்பெல்லாம் தண்ணீர் விடுமுன் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சேறு வாரிய கால்வாய் அது. இப்போது அவர் ஒருவர். கொஞ்ச நேரத்தில் செல்லத்துரையும், அவன் எழுப்பிவிட்ட அறைப் பையன்களும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அம்மா மதகில் கற்பூரம் கொளுத்தினாள். அப்பா பூட்டைத் திறந்து சங்கிலியை உருவி, படகைக் கரையில் ஒரு கல்லோடு கட்டிவிட்டு, சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே வந்தபோது பையன்கள் "ஓ"வென்று கத்தினார்கள். அப்பா சொன்னது பொய்யில்லை, பாதி வழியிலேயே கரை உடைந்து பிளாட்டுகளில் பாய்ந்து, மஞ்சள் கற்கள் தண்ணீருக்குள் முங்கி நின்றன. மீதிதான் அம்மாவின் கண்டத்துக்கு வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஏரி இறங்க இறங்கப் படகு சேற்றில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. நான் அதற்காக அழுதேன், யார் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. சித்திரையில் அறுப்பு முடிந்து அந்தப் புது நெல்லில் அம்மா பொங்கிய சோற்றை அறைப் பையன்களுக்கும் போட்டாள். செல்லத்துரை மூன்றாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அரைக்காணி அடுத்த நடவைப் பார்க்கவில்லை. கம்பெனி லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தினார்கள், அளந்துகொண்டே வந்தவர்கள் அம்மாவின் கண்டத்தின் நட்டநடுவில் கல் நட்டுவிட்டுப் போனார்கள். விற்கமாட்டேன் என்று சொல்லலாம். எடுத்துக்கொள்கிறவர்களிடம் என்ன சொல்வது? ஐப்பசி மழையில் ஏரி மறுபடி தளும்பியது. அப்பா படகை மிதக்கவிட்டார், ஆனால் மதகுப் பக்கம் அதைக் கொண்டுபோகவே இல்லை.

கண்டத்தில் ஜல்லி கொட்டியதற்கு மறுநாள், நாங்கள் படகில் கிளம்புகிற நேரத்தில் அம்மா கரையேறி வந்தாள். "நானும் வரேன், ஏத்திகினு போ" என்றாள். அப்பா கை கொடுத்தார். என் இடத்தில் அம்மா உட்கார்ந்தாள், நான் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு அவளும் மிதித்தாள்.

நடு ஏரிக்கு வந்ததும் அம்மா திரும்பிப் பார்த்தாள். "இங்கேந்து நம்ம கண்டம் தெரியுமாய்யா?"

"தெரியாதுடி. கர மறைக்கும்."

"மறைக்கட்டும். நல்லதாப் போச்சி" என்றாள் அம்மா. "நீ மிதி."

அப்பா மிதிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், அவர் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் தனியாக மிதித்து எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

அந்தப் படகு வெயிலில் வெடித்துப் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. செல்லத்துரை ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அப்பாவும் இப்போது இல்லை. மதகின் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சித்திரையிலும் ஏரி தளும்புகிறது, கரையில் நின்று படம் எடுக்கிறவர்கள் எவ்வளவு தண்ணீர் என்று மெச்சிக்கொள்கிறார்கள். நான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பஸ் அந்தச் சாலையில்தான் போகிறது. எங்கள் கண்டம் இருந்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும், அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட இல்லை, எனக்கே தெரிவதில்லை. அம்மாவுக்குத் தெரிகிறது. ஓடுகிற பஸ்ஸில், குனிந்து, காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிடுகிறாள்.